நான்கு நிமிடம் பேச்சு, ஆறு நிமிடம் கேள்வி

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நீளமான பதிவு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரோபாட்டிக்ஸ் குழுவில் சேர்க்க எந்த மாதம் பதிய வேண்டும், கணக்குப் போட்டிக்கு எந்தப் புத்தகம் நல்லது, ஸ்பெல்லிங் பீக்கு யார் பயிற்சி தருகிறார்கள் என்று கேட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். அமெரிக்க அரசமைப்பைப் பற்றிய பள்ளித் திட்டமான 'வீ த பீப்புள்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என்னைக் கேட்டால், இங்கே ஒரு ஹைஸ்கூலில் நடக்கும் நல்ல காரியங்களில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

இதை நடத்துவது கலிஃபோர்னியாவில் இருக்கும் 'சென்டர் ஃபார் சிவிக் எஜுகேஷன்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு. அமெரிக்க அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டு 200 ஆண்டு நிறைந்த 1987இல் தொடங்கிய திட்டம். நாடாளுமன்றக் குழுவின் முன்னால் நிபுணர்கள் சாட்சி சொல்வார்களே, அதே அமைப்பில்தான் இதுவும் நடக்கும். வகுப்பை ஆறு குழுவாகப் பிரிக்கிறார்கள். அரசமைப்பின் தத்துவ வேர்கள், அது உருவான கதை, காலப்போக்கில் அது மாறிய விதம், உரிமைப் பட்டியல் என்று குழுவுக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு குழுவும் மேசையில் உட்கார்ந்து நான்கு நிமிடம் தயார்செய்த உரையைத் தரும். அப்புறம் ஆறு நிமிடம் நடுவர்களின் கேள்வி. அந்த ஆறு நிமிடத்தில் குறிப்புத் தாளைப் பார்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசும் நாலு பேரைப் பொறுக்கி எடுத்து மேடை ஏற்றும் போட்டி இல்லை இது. முழு வகுப்பும் உட்கார வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும் ஒரு நாற்காலி உண்டு, அவளிடமும் கேள்வி வரும்.

என் மகளின் வகுப்பு மாநில அளவிலான அமர்வுக்குப் போனபோது பார்வையாளர் வரிசையில் நானும் இருந்தேன். உரிமைப் பட்டியல் குழுவின் முறை. ஒரு நடுவர் கேட்டார்: "உங்கள் பள்ளியின் துணை முதல்வர் உன் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார். 4ஆவது திருத்தம் உனக்கு உதவுமா?" நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காப்பது அந்தத் திருத்தம். ஒரு பையன் உடனே நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. வழக்கை எடுத்தான். அது எங்கள் ஊர்ப்பக்க வழக்கு. எடிசனை அடுத்த பிஸ்கட்டவே ஹைஸ்கூலில் 1980இல் நடந்தது. கழிவறையில் புகை பிடித்ததாக 14 வயதுப் பெண்ணைத் துணை முதல்வர் முன்னால் நிறுத்தினார்கள். அவள் இல்லை என்றாள். அவர் கைப்பையைத் திறந்தார், சிகரெட் இருந்தது. கஞ்சா சுருட்டும் தாளும் கண்ணில் பட்டது. மேலும் துழாவினார். கஞ்சாவும், அவளுக்குப் பணம் தர வேண்டிய மாணவர்களின் பெயர்ப் பட்டியலும் கிடைத்தன. 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பள்ளி அதிகாரிகளுக்கும் 4ஆவது திருத்தம் பொருந்தும், ஆனால் போலீசுக்குத் தேவைப்படும் அளவு ஆதாரம் அவர்களுக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், இந்தச் சோதனை செல்லும்.

இதுவரை பாடப்புத்தகம். நடுவர் விடவில்லை. "தீர்ப்பு சரியா?" என்றார். பையன் சொன்னான்: "சிகரெட்டைத் தேடித்தான் பையைத் திறந்தார், சிகரெட் கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்." பக்கத்தில் இருந்த பெண், "நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மேலே தேட அவருக்குப் புதுக் காரணம் கிடைத்துவிட்டது" என்றாள். ஒரே குழுவில் இருந்துகொண்டு, நடுவர்கள் முன்னாலேயே மரியாதையாக ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினார்கள். நடுவர் அடுத்து, "சரி, பைக்குப் பதில் போன் என்றால்?" என்றார். மேசையில் சில நொடி அமைதி. பிறகு என் மகள் பேசினாள். 2014இல் ரைலி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கைது செய்தவரின் போனைப் பார்க்கக்கூடப் போலீசுக்கு வாரண்ட் வேண்டும் என்று சொன்னதை நினைவுபடுத்தினாள். அது போலீஸ் பற்றிய வழக்கு, பள்ளி பற்றியது இல்லை என்பதையும் அவளே சொன்னாள். ஆனால் போனுக்குள் ஒருவரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது என்ற காரணம் பள்ளி வாசலில் செல்லாமல் போய்விடாது என்றாள். நடுவர் தலையாட்டினார், மணி அடித்தது.

இந்த ஆறு நிமிடத்துக்கு இணையாக நம் பிள்ளைகளின் வாரத்தில் வேறு என்ன இருக்கிறது? பெரியவர்கள் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, தெரிந்ததைச் சொல்லி, தெரிந்ததன் எல்லை எது என்றும் சொல்லி, தன் கருத்துக்குக் காரணம் காட்டுவது. எந்த ட்யூஷனிலும் இது கிடையாது.

மனப்பாடமும் தேவைதானே என்று கேட்பீர்கள். தேவைதான். குடியுரிமைத் தேர்வுக்கு நாம் எல்லோரும் செய்ததுதானே அது. எங்கள் காலத்தில் 100 கேள்வி கொண்ட பட்டியல், அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் தேறலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்வி, 20 கேட்டு 12 சரியாக இருக்க வேண்டும். ரயிலில் போகும்போதே படித்துத் தேறிவிடலாம். திருத்தங்கள் எத்தனை? 27. நாட்டின் உச்ச சட்டம் எது? அரசமைப்பு. 2015இல் அரிசோனா அந்த 100 கேள்விப் பட்டியலை ஹைஸ்கூல் தேர்ச்சிக்கு நிபந்தனை ஆக்கியது, வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இதோடு குடிமையியல் முடிந்தது என்று ஒரு பள்ளி கணக்கை மூடினால் அது பெரிய ஏமாற்று. 27 என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, தன் பையை ஒருவர் திறக்கும்போது என்ன கேட்பது என்று தெரியாது.

நம் குடும்பங்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான விஷயம் என்பது 2025 ஜனவரியில் தெரிந்தது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் ஆணையில் கையெழுத்திட்டார். எச்1பி விசாவில் இருந்த எத்தனையோ கர்ப்பிணிகள் அந்த வாரம் தூங்கவில்லை. 14ஆவது திருத்தம் என்ன சொல்கிறது என்று குழுக்களில் கேள்வி மேல் கேள்வி. ஃபார்வர்டு செய்திகள் ஒன்றுக்கொன்று முரண். எங்கள் நண்பர் வீட்டில் அதைப் பொறுமையாக விளக்கியது 11ஆம் வகுப்புப் படிக்கும் பெண். 1868இல் வந்த திருத்தம், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், நாட்டுக்குள் திரும்ப விடாததால் அவர் போட்ட வழக்கு, இங்கே பிறந்த அவர் குடிமகன்தான் என்று 1898இல் வந்த தீர்ப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். அவருடைய பெற்றோர் இங்கேயே நிலையாகக் குடியிருந்தவர்கள், அரசு அந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நீதிமன்றங்கள் அடுத்தடுத்து அந்த ஆணையை நிறுத்திவைத்தபோது, ஏன் என்று புரிந்துகொண்ட வீடு அது.

நாட்டு நிலவரம் அப்படி இல்லை. 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் குடிமையியலில் 'தேர்ச்சி' நிலையைத் தொட்டவர்கள் 22 சதவீதம். 1998இலிருந்து நடக்கும் அந்தத் தேர்வில் சராசரி மதிப்பெண் இறங்கியது அதுவே முதல் முறை. 2024இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் மையம் நடத்திய ஆய்வில் அரசின் மூன்று கிளைகளையும் சொன்ன பெரியவர்கள் 65 சதவீதம்தான்.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். அறிவியல், தொழில்நுட்பம், கணக்கு வகையறாவுக்கு மாணவருக்கு ஆண்டுக்கு 50 டாலர் அளவுக்குக் கூட்டாட்சி நிதி போகிறது, குடிமையியலுக்கு 5 சென்ட் என்று 2021இல் அறிஞர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை சொன்னது. டாலர் இல்லை, சென்ட். 'வீ த பீப்புள்' திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த கூட்டாட்சிப் பணமும் 2011இல் அமெரிக்க காங்கிரஸ் குறிப்பிட்ட திட்டங்களுக்கான தனி ஒதுக்கீடுகளை ஒழித்தபோது நின்றுபோனது. பிறகு போட்டி மானியம், நன்கொடை, தன்னார்வலர் என்று ஓட்டுகிறார்கள். அதனால் ஓர் ஊரில் ஆர்வமுள்ள டீச்சர் இருந்தால் இருக்கிறது, அவர் ஓய்வு பெற்றால் போய்விடுகிறது. எனக்கு இதில்தான் கோபம். நாட்டின் அடிப்படைச் சட்டத்தைக் கற்பிப்பது தர்ம காரியமாக இருக்கக் கூடாது.

ரோட் ஐலண்ட் மாணவர்கள் 2018இல் இதையே வழக்காகப் போட்டார்கள். குடிமகனாக வாழத் தேவையான கல்வியைக் கேட்க அரசமைப்பின்படி எங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். 2020இல் நீதிபதி வில்லியம் ஸ்மித் அவர்கள் கவலையை மனதாரப் பாராட்டிவிட்டு, இன்றைய சட்டத்தில் இடமில்லை என்று தள்ளுபடி செய்தார். அமெரிக்க அரசமைப்பில் கல்வி என்ற சொல்லே கிடையாது, அது மாநிலங்களின் பொறுப்பு. அதனால் நாம் போய்க் கேட்க வேண்டிய இடமும் மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி வாரியமும்தான்.

இதில் அரசியல் சண்டையும் உண்டு. மாசசூசெட்ஸ் 2018இல் போட்ட சட்டப்படி மாணவர்களே ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து வேலை செய்யும் வாய்ப்பைப் பள்ளி தர வேண்டும். டெக்சாஸ் 2021இல் நேர் எதிராகப் போய், சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டும் வேலைக்கு மதிப்பெண் தரக் கூடாது என்றது. ஆசிரியர் தன் கட்சியை வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுவாரோ என்ற பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், எனக்கும் அது உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்காகப் பாடத்தையே உலர்ந்த பட்டியலாக்கினால் நஷ்டம் பிள்ளைகளுக்கு. இந்தச் சாட்சி மேசையில் எதிர்த்தரப்பு வாதமும் தெரியாமல் யாரும் ஆறு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால்தான் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் இதை நம்பி ஏற்க முடியும் என்கிறேன்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஐசிவிக்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வுக்குப் பிறகு 2009இல் தொடங்கியது. விளையாட்டுகள் எல்லாம் இலவசம். ஒன்றில் பிள்ளையே வக்கீல் அலுவலகம் நடத்தும். வருகிற கட்சிக்காரரின் புகாரைக் கேட்டு, அவருக்கு உரிமை உண்டா, எந்தத் திருத்தத்தின்படி என்று முடிவு செய்ய வேண்டும். என் பையன் பத்து வயதிலேயே அதில் மூழ்கிவிட்டான்.

நியூ ஜெர்சி நண்பர்களுக்கு ஒரு விவரம். 2021இல் இங்கே லாரா வூட்டன் பெயரில் ஒரு சட்டம் வந்தது. 79 ஆண்டுகள் விடாமல் வாக்குச்சாவடியில் பணி செய்த அம்மா அவர். அந்தச் சட்டப்படி 2022-23 கல்வியாண்டிலிருந்து மிடில் ஸ்கூலில் குறைந்தது இரண்டு காலாண்டு குடிமையியல் கட்டாயம். உங்கள் பள்ளியில் அது தனிப் பாடமாக நடக்கிறதா, வரலாற்று வகுப்பில் ஓரமாக ஒட்டவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், குடியுரிமை இல்லாதவரும் எழுந்து பேசலாம். ஹைஸ்கூலில் 'வீ த பீப்புள்' வகுப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். இல்லை என்றால் சமூக அறிவியல் துறைத் தலைவருக்கு நாலைந்து பெற்றோர் சேர்ந்து மின்னஞ்சல் அனுப்புங்கள். மாநில அமர்வுகளை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நியூ ஜெர்சி குடிமைக் கல்வி மையம் ஒருங்கிணைக்கிறது, டீச்சர்களுக்குப் பயிற்சியும் அவர்கள் தருகிறார்கள்.

நடுவர்களாகவும் ஆள் வேண்டும். வக்கீல்கள் மட்டும் போதாது, பாடத்தைப் படித்துவிட்டு வரும் மற்றவர்களும் தேவை. நம்மவர்களில் யாராவது ஒரு சனிக்கிழமை ஒதுக்க முடியும் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், யாரிடம் எழுத வேண்டும் என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.