நாள் சொல்ல வீட்டில் ஓர் ஆள்

டோக்கியோவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடமும் டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு ஒரே அலைச்சல்தான். கிறிஸ்துமஸ் எங்கே களைகட்டியிருக்கிறது என்று தேடித் தேடி ஊரைச் சுற்றுவேன். மருனோச்சியில் சாலை நெடுக மரங்களுக்குப் பொன்னிற விளக்கு போட்டிருப்பார்கள், போய்ப் பார்ப்போம். ரொப்போங்கியில் நீலமும் வெள்ளையுமாக விளக்கு, தெருக்கோடியில் டோக்கியோ டவர் சிவந்து நிற்கும், அங்கேயும் போவோம். மகளை நிறுத்திப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். "நல்லா இருக்கு மக்கா" என்று அம்மா பதில் போடுவாள். ரயிலில் வீடு திரும்பும்போது மனசு வெறிச்சென்று இருக்கும்.

விளக்குகளின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தனை அழகு. இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், டிசம்பர் 25 அரசு விடுமுறையும் அல்ல. அப்படியிருந்தும் இவர்கள் தங்களுக்கென்று ஒரு கிறிஸ்துமஸை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். 24 இரவு காதலர்கள் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். ஸ்ட்ராபெரி வைத்த வெள்ளை கிரீம் கேக் வாங்குகிறார்கள். 1974இல் கேஎஃப்சி செய்த ஒரு விளம்பரத்துக்குப் பிறகு, கிறிஸ்துமஸ் என்றால் பொரித்த கோழி என்று வாரக்கணக்கில் முன்பதிவு செய்து வாங்குகிற பழக்கமும் வந்துவிட்டது. 25 இரவு கடை சாத்தியதும் மரத்தையும் நட்சத்திரத்தையும் கழற்றிவிடுவார்கள். 26 காலையில் போனால் அதே வாசலில் மூங்கிலும் பைன் கிளையும் வைத்துக் கட்டிய கதோமட்சு நிற்கும், புத்தாண்டுக்கு.

அந்தப் புத்தாண்டுதான் இவர்களுடைய நிஜமான பண்டிகை. அதற்கு இவர்கள் படுகிற பாட்டைப் பார்க்கிறேன். வீட்டை மூலைமுடுக்கு விடாமல் ஒழித்துக் கழுவுகிறார்கள், நமக்குப் பழக்கமான எதுவும் இல்லாத பெட்டிப் பெட்டியான சமையலை நாள்கணக்கில் செய்கிறார்கள், அவித்த ஒட்டரிசியை இடித்து மோச்சி செய்கிறார்கள். போகியும் பொங்கலும் சேர்ந்து வந்த மாதிரி. இதை நான் கவனித்தது ரொம்பத் தாமதமாகத்தான். முன்பே கவனித்திருந்தால் விளக்கு பார்க்க ஐந்து வருடம் அலைந்திருக்க மாட்டேன்.

ஐந்தாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வருடக் கடைசி வேலை நெருக்கியதால் 24 இரவு பூசைக்குப் போக முடியவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் மகள் பள்ளிக்கூடம் போனாள், அவளுக்கு அன்றுதான் பருவத்தின் கடைசி நாள். நான் அலுவலகம் போனேன். மதியம் மூன்று மணிக்கு ஒரு கோப்பில் தேதி போடும்போதுதான் இன்றைக்கு என்ன நாள் என்பதே உறைத்தது. காலையிலிருந்து ஒருமுறை கூட எனக்கு நினைவு வரவில்லை. மணப்பாட்டில் பிறந்தவள் நான். கடலோரத்து மணல்மேட்டில் திருச்சிலுவைக் கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டுக் கட்டிலில் கேட்கும். அந்த நான் கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்துமஸை மறந்திருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஊரில் ஏன் மறக்க முடியாது என்று படுத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். கோயில், கடல், சொந்தபந்தம், எல்லாம் காரணம்தான். ஆனால் நினைவில் திரும்பத் திரும்ப வந்தது என்னவோ வேலைகள். டிசம்பர் நடுவில் ஆச்சி கேழ்வரகை ஊற வைப்பாள். அதைச் சிரட்டைகளில் மண் நிரப்பித் தூவ வேண்டும், தினமும் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடிலில் வைக்கிற பச்சைப் புல் அதுதான். தண்ணீர் தெளிப்பது என் வேலை. ஒருநாள் விட்டாலும் ஆச்சிக்குத் தெரிந்துவிடும். வைக்கோல் கேட்டு வருவது அண்ணன் வேலை. நட்சத்திரம் கட்ட மூங்கில் சீவுவது சித்தப்பா வேலை. பலகாரம் சுட்டதும் பனையோலைப் பெட்டியில் அடுக்கி, குலசேகரன்பட்டினத்தில் அப்பாவின் கூட்டாளி பாய் வீட்டுக்குக் கொண்டுபோவது நானும் அண்ணனும். உனக்குப் பண்டிகை பிடித்திருக்கிறதா என்று எங்களை யாரும் கேட்டதே இல்லை. வேலை ஏவினார்கள். நடுச்சாமப் பூசையில் 'உன்னதங்களிலே' பாடத் தொடங்கி, திரை விலகி, மணி அடித்து, வெளியே வெடி போடும்போது உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பில் பாதி, பத்து நாள் தண்ணீர் ஊற்றிய கை அலுப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அக்டோபரில் நாகசாகி போனோம். போக ஆசைப்பட்டதற்கு ஊர்க் காரணம் ஒன்று உண்டு. எங்கள் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியார், மணப்பாட்டுக் கடற்குகையில் தங்கிச் செபித்தவர், தமிழில் மந்திரங்களை மனப்பாடம் செய்து கைமணியை ஆட்டியபடி ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டியவர், அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அவரோடு வந்த தோரஸ் பாதிரியார் 1552இல் யமாகுச்சியில் கொண்டாடியதுதான் இந்த நாட்டில் நமக்குத் தெரிந்த முதல் கிறிஸ்துமஸ். பிறகு 1614இல் நாடு முழுக்கத் தடை வந்தது. சாமியார்கள் இல்லை, கோயில் இல்லை, மணி இல்லை. செபமாலை வைத்திருந்தால் உயிர் போகும். அப்படி இருநூற்றைம்பது வருடம்.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவர்களுக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலுக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். பெத்திஜான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உள்ளே இருந்தார். ஒரு பெண் அவர் அருகில் வந்து, தங்கள் நெஞ்சும் அவர் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு நெஞ்சை அடைத்தது அதற்கு அடுத்த பேச்சு. குளிர் மாதத்து 25ஆம் நாள் ஆண்டவர் பிறந்த திருநாளைக் கொண்டாடுகிறோம், நடுச்சாமத்தில் மாட்டுக் கொட்டிலில் பிறந்தார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இப்போது துக்கக் காலத்தில் இருக்கிறோம், நீங்களும் இதையெல்லாம் அனுசரிக்கிறீர்களா என்று அவரிடம் விசாரித்தார்கள். ஆமாம், இன்று அதன் பதினேழாம் நாள் என்றார் அவர். அந்த வருடம் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் மார்ச் 1. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினேழுதான்.

ஏழு தலைமுறைக்கு மேல், குரு இல்லாமல், அச்சடித்த நாள்காட்டி இல்லாமல் எப்படி முடிந்தது? அதற்கு ஆள் வைத்திருந்தார்கள். மறைந்து வாழ்ந்த ஒவ்வொரு கூட்டத்திலும் திருநாள் கணக்கு வைப்பவர் ஒருவர், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்பவர் ஒருவர். நாகசாகியை அடுத்த சொதோமே பக்கத்தில் அவர்கள் பின்பற்றிய கணக்கு, 1634ஆம் வருடத்துத் திருநாள் வரிசை. அதை விட்டுப்போனவர் பெயர் பஸ்தியான். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பஸ்தியான் உண்டு. அந்தப் பெயரைப் படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். இன்றைக்கு என்ன நாள் என்று அவர்களுக்கு ஊரும் சொல்லவில்லை, கடையும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் சொன்னார். அவர் தவறாமல் சொன்னதால் மற்றவர்களுக்குத் திருநாள் இருந்தது.

திரும்பி வந்து மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. இனி இந்த வீட்டில் நாள் கணக்கு உன் பொறுப்பு, என்றைக்கு எதைத் தொடங்க வேண்டும் என்று நீதான் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். தன் ஆச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு அவளே எழுதிக்கொண்டாள். பாதி தமிழ், பாதி ஜப்பானிய ஹிரகானா எழுத்து. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.

டோக்கியோக் குளிரில் கேழ்வரகு முளைக்கவே இல்லை. நான்கு நாள் பார்த்துவிட்டுச் சிரட்டையை ஹீட்டர் பக்கத்தில் மாற்றி வைத்தோம். அப்புறம்தான் வெள்ளை வெள்ளையாகத் தலை நீட்டியது. வைக்கோலுக்குத் திண்டாட்டம். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி புத்தாண்டுக்கு வாசலில் கட்டுகிற ஷிமெனவாக் கயிற்றைக் கடையில் வாங்காமல் தன் கையால் திரிக்கிறவர். வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்டேன். எதற்கு என்றார். கொட்டிலில் பிறந்த குழந்தைக்குப் படுக்கை போட என்று மகள் சொன்னாள். பாட்டி உள்ளே போய், தம்பி வயலிலிருந்து வந்த வைக்கோல் கட்டிலிருந்து பாதியைப் பிரித்து எடுத்து வந்தார். பிரித்ததும் அறுப்புக் காலத்து வயல் வாசம் அடித்தது. நெல் வைக்கோல் எந்த நாட்டிலும் நெல் வைக்கோல்தான். மகள் இரண்டு சனிக்கிழமை அவரோடு உட்கார்ந்து கயிறு திரிக்கக் கற்றுக்கொண்டாள்.

அச்சு முறுக்குதான் பெரிய வேலை. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் குழிவான வாணலி வேலைக்கு ஆகாது. சின்ன கேசட் கேஸ் அடுப்பு வாங்கினேன். பச்சரிசி மாவு, டின் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள். அச்சு ஆச்சியுடையது, போன தடவை பெட்டியில் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்தேன். அச்சை எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டும், மாவில் முக்கும்போது முக்கால் பாகத்துக்கு மேல் நனையக் கூடாது. மேல் விளிம்பு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. முதல் ஏழெட்டு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தன. வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அச்சு காயலை, பொறு, பொறு" என்று கத்தினாள். ஒன்பதாவது பூப்போலத் தானாகக் கழன்று எண்ணெயில் மிதந்தது. மகள் கை தட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டிசம்பர் 21, சனிக்கிழமை பின்நேரம் நான்கு மணி. வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. ஐந்து வருடம் ரயில் ஏறித் தேடியது அடுப்படியில் நின்றது.

வெளிநாட்டில் இருக்கிற என் சொந்தங்களிடமும் தோழிகளிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துபாயோ டொராண்டோவோ, நாம் கிறிஸ்துமஸைப் பார்க்கப் போகிறோம், வாங்கப் போகிறோம். ஹால் பிடிக்கிறோம், கேட்டரிங்கில் பிரியாணி சொல்கிறோம், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதில் பிள்ளை செய்ய வேண்டிய வேலை எது? அவள் செய்யாவிட்டால் நடக்காமல் போகிற ஒரு காரியம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு விருந்துதான். நேரமில்லை என்கிறார்கள். எனக்கும் இல்லை. விளக்கு பார்க்கப் போன சனி, ஞாயிறுகளைத்தான் எடுத்துக்கொண்டேன். 25ஆம் தேதிக்கு விடுப்பு கேட்கத் தயங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். தயவுசெய்து கேளுங்கள். நவம்பரிலேயே கேளுங்கள். எனக்கு அது எவ்வளவு முக்கியமான நாள் என்று ஐந்து வருடமாக என் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, நான் சொன்னதே இல்லை. சொன்ன வருடம், எங்கள் மேலாளர் அன்றைக்கு வைத்திருந்த கூட்டத்தைத் தானே தள்ளி வைத்தார்.

24 இரவு யொட்சுயாவில் இருக்கிற இஞ்ஞாசியார் கோயிலுக்குப் போகிறோம். வியட்நாம்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், ஞானஸ்நானம் பெறாத ஜப்பானியர்கள் என்று வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும். வீடு வந்து கொஞ்சம் தூங்கி, அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்துகொள்கிறோம். மணப்பாட்டில் அப்போதுதான் நடுச்சாமம். அம்மா போனை உயர்த்திப் பிடித்திருப்பாள், படம் ஆடும், சத்தம் விட்டுவிட்டு வரும். அங்கே மணி அடித்ததும் இங்கே மகள் பாலன் சுரூபத்தை வைக்கோலில் வைப்பாள். அதற்கு முன்னால் யாரையும் தொட விட மாட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் நோட்டோடு வந்து நிற்கிறாள். நாளைக்குக் கேழ்வரகு ஊற வைக்க வேண்டுமாம். இந்த வருடம் சிரட்டையை முதல் நாளிலிருந்தே ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். கீழ்வீட்டுப் பாட்டிக்கும் ஒரு சிரட்டை போட வேண்டும் என்கிறாள். "ஆச்சி ஊற வெச்சாச்சான்னு கேளும்மா" என்கிறாள். கேட்க வேண்டும். ஊரில் இப்போது மாலை ஐந்தரை, அம்மா வீட்டில்தான் இருப்பாள்.