நாள் கணக்கு இல்லை, ஈரக் கணக்கு

"மரப்பலகைப் பெட்டிகளை அறையில் 3 நாள் வைத்தால் போதும், அப்புறம் தைரியமாகத் தரையில் பதிக்கலாம்" என்று மரத்தரை போடுவது பற்றிய பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நம்பி யாரும் வேலையில் இறங்க வேண்டாம். மரத்துக்கு நாள் கணக்கு தெரியாது. சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை உறிஞ்சும், இல்லையென்றால் விடும். சுவர்ப்பூச்சு காயாத அறையில் 3 நாள் கிடந்தால் பலகை ஈரம் குடித்து உப்பும். அதை அப்படியே பதித்தால், வீடு காய்ந்த பிறகு சுருங்கி, காசு நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுவிடும்.

முதலில் அறை, குடியிருக்கும்போது இருக்கிற வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் வரட்டும். அப்புறம் ஈரமானியை (மரத்தில் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும் கருவி) வைத்து, வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பல பலகைகளை அளந்து பாருங்கள். பலகைக்குக் கீழே வரும் அடித்தளம் மரம் என்றால் அதையும் அளக்க வேண்டும். பலகை 3 அங்குலத்துக்குக் குறைவான அகலம் என்றால் பலகைக்கும் அடித்தளத்துக்கும் உள்ள ஈர வித்தியாசம் 4 சதவீதப் புள்ளியைத் தாண்டக்கூடாது. 3 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 2. கான்கிரீட் தளத்துக்குச் சோதனையே வேறு. ஈர அளவு ஏற்கெனவே சரியாக இருந்தால் காத்திருக்கவே தேவையில்லை.

சரி, காத்திருக்க வேண்டியிருந்தால்? பெட்டியைப் பிரித்து, பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, காற்று ஓடும்படி அடுக்குங்கள். இதெல்லாம் முழு மரப் பலகைக்கு. அடுக்கு ஒட்டிய பலகை என்றால் தயாரிப்பாளர் தந்த குறிப்பைப் படியுங்கள். பதிக்கும் நேரம் வரை பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்றே பலவற்றில் இருக்கும்.