ஆறு வயதுக் குழந்தையிடம் வீரத்தைத் தேடாதீர்கள்

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்குள் போன அமெரிக்கக் கறுப்பினக் குழந்தை ரூபி பிரிட்ஜஸ் பற்றி யார் எழுதினாலும் ‘வீரச் சிறுமி’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1960 நவம்பர் 14. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம், வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளி. அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த இடம். மார்ஷல்கள் எனப்படும் மத்திய அரசுக் காவலர்கள் நான்கு பேர் சுற்றி வர, ஆறு வயது ரூபி உள்ளே போகிறாள். வாசலில் கூட்டம் வெறிபிடித்துக் கத்துகிறது. அவளோ அதை மார்டி கிரா திருவிழா என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஊர்த் திருவிழாவில் தெருவில் அப்படித்தான் சத்தம் போடுவார்கள். வளர்ந்த பிறகு அவரே சொன்னது இது. தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்றே தெரியாத குழந்தையிடம் என்ன வீரத்தைப் பார்க்கிறோம்?

பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். ரூபி பிறந்த அதே வருடம். பெரியவர்கள் ஆறு வருடம் இழுத்தடித்துவிட்டு, அப்புறம் அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றினார்கள்.

வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிட்டத்தட்ட வருடம் முழுக்க வகுப்பில் ஒரே பிள்ளை, ஒரே டீச்சர். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற அந்த டீச்சர் இருந்தாரே, அதுவே பெரிய ஆறுதல். ஆனால் மதியம் அவள் தனியாகச் சாப்பிட வேண்டியிருந்தது. கொண்டுவந்த சாண்ட்விச்சை அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள், பாலைப் பசை டப்பாவில் ஊற்றினாள். எலியும் கரப்பானும் வந்த பிறகுதான் பெரியவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அதன்பின் டீச்சர் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தோழி வராத நாளில் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வரும். ஒரு நாளைக்கே எனக்கு மனசு கேட்காது. ரூபியின் அம்மா தினமும் எப்படி அந்தச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாரோ! இத்தனைக்கும் வாசலில் ஒருத்தி விஷம் வைத்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் வீட்டுச் சாப்பாடு மட்டும் என்று வைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது. மிசிசிப்பியில் குத்தகைக்குப் பயிர் செய்துவந்த தாத்தா பாட்டியையும் நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள்.

அதே நாளில், அதே ஊரின் மெக்டொனோ 19 பள்ளிக்குப் போன லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி பிரிவோஸ்ட் என்ற கறுப்பினச் சிறுமிகள் மூவரையும் ரொம்பப் பேருக்குத் தெரியாது. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடாதபடி ஜன்னல்களைக் காகிதத்தால் மூடிய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழேதான் அவர்கள் விளையாடினார்கள். அவர்களாவது மூன்று பேர்.

ரூபிக்கு அதுவும் இல்லை. பள்ளிக்குள் எங்கோ பிள்ளைகளின் குரல் கேட்கும், ஆளைக் காணமுடியாது. வருடக் கடைசியில்தான் திரும்பி வந்திருந்த ஒருசில பிள்ளைகளோடு சேர முடிந்தது. அதில் ஒரு பையன், உன்னோடு விளையாடக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்றான். உன் நிறம்தான் காரணம் என்பதையும் சொன்னான். வாசலில் கூட்டம் ஏன் நின்றது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.