ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்தவர்

முஸ்தபா அக்காத் என்றால் பலருக்குத் தெரியாது. 'ஹாலோவீன்' திகில் படங்களின் தயாரிப்பாளர் என்றால் உடனே தலையாட்டுவார்கள். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

1930-ல் சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். சினிமா படிக்க அமெரிக்கா கிளம்பியபோது அப்பா கையில் கொடுத்தது 200 டாலரும் ஒரு குர்ஆனும். அந்த மனிதர் 1976-ல் முகமது நபிகளின் வாழ்க்கையை 'தி மெசேஜ்' என்று படமாக்கினார், நபிகளைக் காட்டாமலே. உருவம் கிடையாது, குரல் கிடையாது. மற்றவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள், பதில் வந்ததுபோல் தலையசைப்பார்கள். நாம் பார்க்கிற இடத்தில் அவர் இருக்கிறார் என்று மெல்லத்தான் உறைக்கும்.

டப்பிங் செய்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவரோ ஆங்கிலத்துக்கு ஆந்தனி குவின், அரபிக்கு அப்துல்லா கைத் என்று இரண்டு நடிகர் பட்டாளம் வைத்து, ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறை எடுத்தார். ஆங்கிலம் பேசுகிறவர்கள், அரபி பேசுகிறவர்கள் இரண்டு தரப்புக்கும் முழுப் படம் கொடுக்க நினைத்தவரின் பிடிவாதம் அது. அதற்குக் கிடைத்த மரியாதை? 1977 மார்ச்சில் வாஷிங்டனில் துப்பாக்கியோடு ஆட்களைப் பிணைபிடித்தவர்கள், படத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

முன்பு மொராக்கோவில் இந்தப் படத்தின் படப்பிடிப்பு நின்றபோது கைகொடுத்தது லிபியாவை ஆண்ட கடாஃபியின் பணம். அது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் அதே பணத்தில் வந்த 'லயன் ஆஃப் தி டெசர்ட்' படத்தின் கடைசிக் காட்சியை எப்படி மறப்பது? லிபியாவை ஆக்கிரமித்த இத்தாலியரை எதிர்த்துப் போராடிய உமர் முக்தாரைத் தூக்கிலிடுகிறார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுகிறது. ஒரு சிறுவன் வந்து அதை எடுக்கிறான். அவ்வளவுதான், வசனமே இல்லை. தன் ராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று இத்தாலி 1982-ல் படத்தையே தடைசெய்தது. 3.5 கோடி டாலர் செலவழித்த படம் வசூலிலும் படுத்துவிட்டது. சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுத்த 'ஹாலோவீன்' கோடிகளை அள்ளியது. உலகம் அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

2005 நவம்பர் 9. ஒரு கல்யாணத்துக்காக ஜோர்டானின் அம்மானுக்கு வந்திருந்தார். ஹோட்டல் லாபியில் மகளோடு இருந்தபோது அல்-காயிதாவின் தற்கொலைக் குண்டு வெடித்தது. மகள் இறந்துபோனார். இரண்டு நாள் கழித்து அவரும் போனார். இஸ்லாத்தை மேற்குலகுக்குப் புரியவைக்க வாழ்க்கையைச் செலவழித்தவரை, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லியே கொன்றுவிட்டார்கள்.

நடிகர் ஷான் கானரியை வைத்து, சிலுவைப் போர்க்காரர்களை எதிர்த்த சுல்தான் சலாஹுதீன் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கடைசிவரை பணம் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் படம் வரவே இல்லை.