கஞ்சா, மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்று அல்ல

"கஞ்சா செரட்டோனினைக் கூட்டும், மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று ஒரு செய்தி காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. செரட்டோனின் என்பது மனநிலையைச் சீராக வைக்க உதவும் மூளை வேதிப்பொருள். அந்தச் செய்தி தவறு. எங்கள் தெரு ஆச்சி ஒருவர், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இனி இது வேண்டாமாமே?" என்று வளவில் உட்கார்ந்து கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி நேராகச் செரட்டோனினை ஊற்றுவதில்லை. அது நரம்பணுக்களில் உள்ள சிபி1 ஏற்பிகளில், அதாவது வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களில், ஒட்டுகிறது. அவை மூளை தானே சுரக்கும் ஆனந்தமைடு என்ற பொருளுக்கானவை. அந்தப் பொருளை 1992இல் கண்டறிந்து, 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். இந்த ஏற்பிகள் செரட்டோனின் நரம்புகளின் வேகத்தையும் மாற்றும் என்பது உண்மை. ஆனால் ஒரே திசையில் அல்ல. எலிகளில், இதே ஏற்பியைத் தூண்டும் செயற்கைப் பொருள் குறைந்த அளவில் அந்த நரம்புகளை முடுக்கியது, அளவு கூடியதும் அடக்கியது. இதை மருந்து என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், மனச்சோர்வும் திரும்பலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே கேட்டுச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.