பாம்பன் பாலமும் ஒற்றைப் பஸ்ஸும்

கணினிச் செயலிக்குள் (ப்ராசசர்) தரவு போகும் கம்பிப் பாதையைப் பஸ் என்பார்கள். ஒரே பஸ் என்றால் மெதுவு, மூன்று என்றால் வேகம் என்று நான் படித்த ஒரு கட்டுரை இரண்டே வரியில் முடித்துவிட்டது. ஏன் என்று சொல்லவில்லையே! நான் மண்டபத்துக்காரன். 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் இப்போதைக்கு ஒரே தண்டவாளம்தான். ராமேஸ்வரத்திலிருந்து வரும் ரயில் கடந்த பிறகுதான் எங்கள் பக்கம் நிற்கும் ரயில் பாலத்தில் ஏற முடியும்.

ஒற்றைப் பஸ்ஸிலும் அதே கதை. ஒரு நேரத்தில் ஒரு மதிப்புதான் போகும். செயலிக்குள் எண்களை வைத்திருக்கும் சின்ன இடங்கள்தான் பதிவகங்கள். இரண்டு பதிவகங்களில் உள்ள எண்களைக் கூட்டி மூன்றாவதில் வைக்க மூன்று கடிகாரத் துடிப்பு (செயலி வேலை செய்யும் தாளம்) ஆகும். முதல் எண் ஒய் என்ற தற்காலிகப் பதிவகத்தில் போய்க் காத்திருக்கும். அடுத்த துடிப்பில் இரண்டாம் எண், கணக்குப் போடும் பகுதியான ஏஎல்யூவுக்குப் போய், விடை இசட் என்ற இன்னொரு தற்காலிகப் பதிவகத்தில் தங்கும். அதற்கும் அடுத்ததில்தான் விடை மூன்றாம் பதிவகத்துக்குப் போய்ச் சேரும். மூன்று பஸ் இருந்தால் எண்கள் தனித்தனிப் பாதையில் போய், விடை மூன்றாவது பஸ்ஸில் திரும்பிவிடும். ஒரே துடிப்பு, ஒய்யும் இசட்டும் வேண்டாம்.

சரி, அதற்காக எல்லா வேலையும் மூன்று மடங்கு வேகமாகிவிடாது. நினைவகத்திலிருந்து தரவு வரத் தாமதமானால் எத்தனை பஸ் இருந்தும் காத்திருக்கத்தான் வேண்டும். அப்புறம் கம்பிகள் கூடும், சிப்பில் இடமும் போகும்.