ஸ்டேஜிங் சர்வரை ராத்திரி ஆஃப் பண்ணுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு ஆபீஸ்களில் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். புரோகிராம் எழுதவும் வெளியிடுமுன் சோதிக்கவும் வைத்திருக்கும் டெவ், ஸ்டேஜிங் சர்வர்கள் திங்கள் காலை வரை சும்மா ஓடுகின்றன. வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 12 மணி, 5 நாள் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் டீமுக்குத் தேவை 60 தான். பெங்களூரு ஐடியில் இருக்கிற நாம் சுற்றுச்சூழல் என்றதும் எந்த புரோகிராமிங் மொழி சிக்கனம் என்று விவாதிக்கப் போய்விடுகிறோம். மிச்சமுள்ள 108 மணி நேரத்தை முதலில் பாருங்கள் என்பதுதான் என் கருத்து. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. சூரிய மின்சாரம் இல்லாத ராத்திரியில் நிலக்கரியின் பங்கு இன்னும் கூடும்.

நிறுத்துவது சுலபம், நிறுத்தினது நின்றபடி இருப்பதுதான் கஷ்டம். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், சர்வர் எண்ணிக்கையைத் தானாகப் பராமரிக்கும் ஆட்டோ ஸ்கேலிங் குரூப்பில் உள்ள சர்வரைத் தனியாக ஸ்டாப் பண்ணினால், அது பழுதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு குரூப் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும். குரூப்பில் மினிமம் (குறைந்தபட்ச எண்ணிக்கை), டிசையர்டு (வேண்டிய எண்ணிக்கை) இரண்டையும் 0 ஆக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஒரு டேட்டாபேஸை நிறுத்தினால் 7 நாளில் தானாக எழுந்துகொள்ளும். அதனால் நிறுத்தும் ஷெட்யூல் சனி, ஞாயிறு, பண்டிகை லீவு எல்லா நாளும் ஓட வேண்டும்; எழுப்பும் ஷெட்யூல் வேலை நாளில் மட்டும் போதும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் பாட்களை (புரோகிராம் ஓடும் சிறு அலகுகள்) 0 ஆக்கிவிட்டுத் திருப்திப்படக் கூடாது, அவற்றைத் தாங்கும் சர்வரான நோடு ஓடிக்கொண்டே இருக்கும். காலி நோடுகளை நீக்கும் ஆட்டோஸ்கேலர் அதை எடுக்கவில்லை என்றால், லோக்கல் ஸ்டோரேஜ் வைத்திருக்கும் பாட் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பாட் நிற்கலாம் என்று வரம்பிடும் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் தடுக்கிறதா என்று பாருங்கள்.

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் நேரம் பல இடங்களில் யூடிசி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இரவு 8 மணிக்கு நிற்க 14:30 என்று எழுத வேண்டும். 20:00 என்று எழுதினால் நள்ளிரவு தாண்டி 1:30க்குத்தான் நிற்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அமெரிக்க கிளையண்டுக்கு ராத்திரி வேண்டுமே என்பார்கள். நியாயம்தான். டீம் சாட்டான ஸ்லாக்கில் ஒரு கமாண்ட் கொடுத்தால் 2 மணி நேரத்துக்கு எழுந்து, பிறகு தானாக நிற்கும்படி வையுங்கள். ஒருவருக்காக எல்லா சூழலையும் எழுப்ப வேண்டாம்.

அடுத்தது பில்டு, அதாவது கோடிலிருந்து ஓடும் புரோகிராமை உருவாக்குவது. அதற்கான படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் சோர்ஸ் முழுவதையும் காப்பி செய்துவிட்டு லைப்ரரிகளை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் போட்டால், ஒரு எழுத்து மாறினாலும் அத்தனை லைப்ரரியும் மறுபடி இறங்கும். லைப்ரரிப் பட்டியலான பேக்கேஜ் ஃபைலும் லாக் ஃபைலும் முதலில், இன்ஸ்டால் அடுத்து, சோர்ஸ் கடைசியில். ஒரே பிராஞ்சில் புது கமிட் (கோட் மாற்றம்) வந்ததும் பழைய பில்டு ரத்தாக வேண்டும். பில்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கன்கரன்சி பகுதியில் ஓரிரு வரிதான்.

அவசரமில்லாத டெஸ்ட்டுகளை ராத்திரி 2 மணிக்குப் போடும் பழக்கத்தையும் விடலாம். காலை 11 முதல் மதியம் 3 வரை சூரிய மின்சாரம் நிறைய வருகிறது. 2013 டிசம்பர் 31 முதல் தென்மாநிலங்களும் சேர்ந்து நாடு முழுக்க ஒரே மின் கட்டமைப்பு என்பதால், மும்பை டேட்டா சென்டரில் ஓடும் வேலைக்கும் இது பொருந்தும். பகலுக்கு மாற்றுவதற்காகக் கூடுதல் சர்வர் வாங்க வேண்டியிருந்தால் மட்டும் மாற்றாதீர்கள், பலன் போய்விடும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வாரம் எத்தனை விசிபியூ-மணி (விர்ச்சுவல் சிபியூ எண்ணிக்கை × ஓடிய மணி நேரம்) ஓடியது என்று பில்லிலிருந்து எடுத்து டீம் வாரியாகப் போடுங்கள். யாருடையது என்று குறிக்கும் ஓனர் டேக் இல்லாத சர்வர்கள் தனி வரியில் வரட்டும், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.